எழும்பூரில் ஒரு வட்டமான சர்ச்

எழும்பூர் ஸ்டேஷனின் பின்வாசல் வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் வந்தால், மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோபுரம் ஊசி போல நிற்கும். போன பொங்கல் விடுமுறைக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்த அக்கா மகனை அழைத்துக்கொண்டு அந்த வழியாக வரும்போது அவன் கேட்டான்: “மாமா, அது மாதா கோயிலா?”

இல்லை என்றேன்.

“அப்புறம் என்ன கோயில்?”

ஆட்டோ பேரம் முடிவதற்குள் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகும் பாதி பாக்கி இருந்தது. அந்தப் பாக்கியைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய சர்ச் ஒன்றுக்குள் முதல் தடவை போகிறவர் எதைப் பார்க்க வேண்டும், அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு கட்டடம் போதும். கட்டடக் கலை படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் பெயர். தூய அந்திரேயா ஆலயம். பழைய சென்னைக்காரர்கள் ‘கிர்க்’ என்பார்கள். சர்ச் என்பதற்கு ஸ்காட்லாந்துக்காரர்களின் சொல் அது. இயேசுவின் சீடர்களில் ஒருவரான அந்திரேயாதான் ஸ்காட்லாந்து நாட்டின் காவல் புனிதர். ஆகவே பெயரைக் கேட்டதுமே கட்டியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தெரிந்துவிடும். 1818 ஏப்ரல் 6ஆம் தேதி அடிக்கல் நாட்டி, 1821 பிப்ரவரி 25ஆம் தேதி திறந்தார்கள். மூன்று வருஷத்துக்கும் குறைவான காலம். இன்றைக்கு ஒரு மேம்பாலத்துக்கே அதைவிட அதிக நாள் ஆகிறது, அதை விடுங்கள்.

நம் கோயில்களை நினைத்துப் பாருங்கள். பிராகாரம், மண்டபம், அர்த்த மண்டபம் எல்லாம் தாண்டிப் போனால் கடைசியில் ஒரு சின்ன இருட்டு அறை. ஒரு விளக்கு. பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டும்போது ஒரு நொடி முகம் தெரியும். அந்தத் தரிசனத்துக்காகத்தான் அத்தனை பெரிய கட்டடமும். கூட்டம் உட்கார வேண்டும், பேசுவது எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே தேவையே இல்லை.

கத்தோலிக்கக் கோயிலிலும் கண்தான் முக்கியம். நீளமான கூடம், கடைக்கோடியில் பலிபீடம், அதற்குப் பின்னால் சுரூபங்கள் என்கிற புனிதர் சிலைகள், மெழுகுவத்திகள். பூசை நடப்பது அந்தக் கோடியில். மற்றதெல்லாம் அதை நோக்கி நீளும்.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சீர்திருத்தம் பேசிக் கிளம்பியவர்கள் இந்த வரிசையை மாற்றினார்கள். வேதத்தை அவரவர் பாஷையில் வாசிக்க வேண்டும், அதை விளக்கிப் பிரசங்கம் செய்ய வேண்டும், சபை முழுக்க அதைக் கேட்க வேண்டும் என்றார்கள். விசுவாசம் கேள்வியால், அதாவது காதால் கேட்பதால் வரும் என்று பவுல் எழுதியதை அவர்கள் கட்டடத்துக்கும் பொருத்திவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். அவர்கள் வழி வந்தவர்கள்தான் புராட்டஸ்டண்டுகள். நம் ஊர்ப் புராட்டஸ்டண்ட் சர்ச்சுக்குள் போனால் பொதுவாக வணங்கும் சுரூபம் இருக்காது. பிரசங்க பீடம் எடுப்பாக இருக்கும், எல்லாருக்கும் தெரிகிற உயரத்தில். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதில் இன்னும் கறார். அவர்களுடைய பிரஸ்பிட்டேரியன் சபையில் பேராயரே கிடையாது, மூப்பர்கள் கூடித்தான் சபையை நடத்துவார்கள். வழிபாட்டில் வாத்தியம் வேண்டாம், மனிதக் குரல் போதும் என்பதும் வெகுகாலம் அவர்கள் கட்சியாக இருந்தது. ஆர்கன் வைக்கலாமா கூடாதா என்று 1860கள் வரை அந்த நாட்டில் சண்டை. இந்தக் கிர்க்கில் இருக்கும் குழாய் ஆர்கன் 1883ஐச் சேர்ந்தது என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சுவாரசியம் கூடும்.

ஆக, இவர்கள் கட்ட வேண்டியிருந்தது நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து ஒரு மனிதர் மணிக்கணக்கில் பேசுவதைக் கேட்கும் அறை. மைக் இல்லாத காலம். இதை மனசில் வைத்துக்கொண்டால் கிர்க்கின் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

அவர்களுக்கு ஏன் தனியாக ஒரு சர்ச்? கிழக்கிந்தியக் கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் எக்கச்சக்கம். சர்ச் திறந்தபோது சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். நம் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் மூட்டை மூட்டையாகச் சேகரித்த காலின் மெக்கன்சியும் ஸ்காட்லாந்துதான். ஆனால் கம்பெனி கோட்டைக்குள் இருந்த தூய மரியாள் ஆலயம் இங்கிலாந்துத் திருச்சபையுடையது. வழிபாடும் அவர்கள் முறைதான். 1813இல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று இடத்திலும் கம்பெனி செலவில் இடத்துக்கொரு ஸ்காட்டிஷ் போதகர், இடத்துக்கொரு சர்ச் என்று முடிவாயிற்று. மூன்றுக்குமே அந்திரேயா பெயர்தான்.

கல்கத்தாவில் அதற்கும் ஒரு தகராறு வந்தது. கோபுரம் வைக்கும் உரிமை இங்கிலாந்துத் திருச்சபைக்கு மட்டும்தான் என்று அங்கிருந்த பேராயர் மிடில்டன் மல்லுக்கு நின்றாராம். ஸ்காட்டிஷ் போதகர் ஜேம்ஸ் பிரைஸ் விடவில்லை. கோபுரம் எழுப்பி, அதன் உச்சியில் ஒரு சேவலையும் வைத்தார், பேராயர் தலைக்கு மேல் கூவட்டும் என்று. கதையில் கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம். சேவல் உண்மை.

மதராஸ் கோபுரத்தின் உயரம் நூற்று அறுபத்தாறரை அடி. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. பதினாலு மாடிக் கட்டடம் என்று ஊரே அண்ணாந்து பார்த்தது 1959இல். அதைவிடப் பத்தடிதான் குறைவு, அதுவும் செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் வைத்து, 138 வருஷம் முன்னால்.

சரி, உருவத்துக்கு வருவோம். வெளியே நின்று பார்த்தால் முன்னால் உயரமான தூண்கள் வரிசையாக நிற்கும் முகமண்டபம், அதன் மேலே முக்கோண முகப்பு. இது பழைய கிரேக்க, ரோமானியக் கோயில்களின் முகம். முக்கோணத்துக்குப் பின்னால் கோபுரம் எழும்புகிறது. கிரேக்கக் கோயிலில் ஊசிக்கோபுரம் கிடையாது, ஊசிக்கோபுரம் வைத்த பழைய ஐரோப்பிய சர்ச்சுகளில் இப்படி ஒரு முகப்பு கிடையாது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேர் வாங்கியவர் ஜேம்ஸ் கிப்ஸ். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் சர்ச்சை 1720களில் இப்படிக் கட்டினார். கோயில் கூரை மேல் கோபுரம் குதிரை ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் அந்த முகம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அமெரிக்காவில், கல்கத்தாவில், நம் கதீட்ரல் சாலையில், எங்கே பார்த்தாலும் அதன் சாயல்.

செயின்ட் மார்ட்டினுக்குக் கிப்ஸ் முதலில் போட்ட வரைபடம் ஒரு வட்டம். நடுவில் வட்டமான கூடம், மேலே குவிமாடம். கட்டடக் குழுவுக்குப் பிடித்திருந்தது, ஆனால் செலவு அதிகம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நீள்சதுரமாக ஒன்றைக் கட்டினார் கிப்ஸ். ஆனால் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, 1728இல் தன் வரைபடங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டபோது அந்த வட்டத்தையும் சேர்த்து அச்சிட்டார். படிக்கத் தெரிந்த எந்த ஊர்க் கொத்தனாரும் எஞ்சினியரும் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்கிற மாதிரியான புத்தகம் அது. லண்டன் வேண்டாம் என்று சொன்ன வட்டம், ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து எழும்பூரில் முளைத்தது.

வட்டத்தில் என்ன லாபம்? கிர்க்கின் வட்டக் கூடத்துக்குக் குறுக்களவு எண்பத்தொன்றரை அடி. பரப்பு சுமார் 5,200 சதுர அடி. இதே பரப்பை நாற்பதடி அகலத்தில் நீளமான கூடமாகக் கட்டினால் 130 அடி நீளம் போகும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவருக்குப் பிரசங்கியார் ஒரு வெள்ளைப் புள்ளி, குரல் ஒரு முணுமுணுப்பு. வட்டத்தில் யாரும் எண்பத்தொன்றரை அடிக்கு மேல் தள்ளிப்போக முடியாது. கல்யாணப் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ‘கெட்டிமேளம்’ மட்டும் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ஆனால் வட்டத்தோடு குவிமாடம் வரும், அதோடு எதிரொலி வரும். பிஜப்பூர் கோல்கும்பாஸில் ஒரு தும்மல் போட்டால் பல தடவை திரும்பி வரும் என்பார்கள். சுற்றுலாப் பயணிக்கு அது வேடிக்கை, பிரசங்கம் கேட்கிறவருக்கு அது தலைவலி. ஒரு சொல் முடிவதற்குள் முந்திய சொல்லின் வால் வந்து மோதும். கிர்க்கின் குவிமாடம் கோல்கும்பாஸ் மாதிரி கவிழ்த்த பானை அல்ல. தட்டையானது, ஏறக்குறைய ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்த மாதிரி. குறுக்களவு ஐம்பத்தொன்றரை அடி. உள்பக்கம் அடர்த்தியான நீலம் பூசி, தங்க நிறத்தில் விண்மீன்கள். ஸ்காட்லாந்தில் தெரியும் வானம் அது என்று சொல்வதுண்டு. சரியோ தப்போ, ஊர் ஏக்கம் பிடித்த மனிதர்களுக்குப் பொருத்தமான கதை.

தட்டையான குவிமாடம் எஞ்சினியருக்கு ஆபத்து. ஏன் என்று புரிய இரண்டு சீட்டுகளை எடுத்து ஒன்றோடொன்று சாய்த்துக் கூரை மாதிரி நிறுத்திப் பாருங்கள். செங்குத்தாகச் சாய்த்தால் நிற்கும். படுக்கையாகச் சாய்த்தால் அடி இரண்டும் வெளிப்பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும். குவிமாடமும் அப்படித்தான், தட்டையாக ஆக ஆகக் கீழே உள்ள சுவரை வெளிப்பக்கம் தள்ளும். கிர்க்கில் கீழே சுவர்கூட இல்லை, பதினாறு தூண்கள். கொரிந்தியன் பாணி, அதாவது உச்சியில் இலைகள் சுருண்டு விரிகிற மாதிரி வேலைப்பாடு, உடம்பில் நீளவாக்கில் வரிப் பள்ளங்கள். அழகான தூண்கள்தான், ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் தாங்கும் ஜாதி இல்லை.

தீர்வு சுற்றுப்பாதையில் இருக்கிறது. உள்ளே போனால் எல்லாரும் நீல வானத்தையே பார்ப்பார்கள். நீங்கள் தூண்களுக்கும் வெளிச் சுவருக்கும் நடுவில் வளையமாகப் போகும் அந்தச் சுமார் 15 அடி அகலப் பாதையில் நின்று மேலே பாருங்கள். அதன் கூரையும் வளைவுதான், வட்டம் முழுக்கச் சுற்றி வருகிற வளைவு. குவிமாடத்தின் தள்ளலை அது வாங்கிக் கனமான வெளிச் சுவரிடம் கொடுக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்தவரைச் சுற்றி நாலு பேர் முட்டுக் கொடுத்து நிற்பார்களே, அந்த வேலை.

இதை யோசித்துக் கட்டியவர் மேஜர் தாமஸ் ஃபியட் டி ஹாவிலாண்ட். மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்தவர், கர்ன்சி தீவுக்காரர். வளைவு என்றால் மனிதருக்குப் பைத்தியம். 1808வாக்கில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நூறு அடிக்கும் மேல் அகலமாக ஒரே ஒரு செங்கல் வளைவைக் கட்டினார். அந்தரத்தில், எதையும் தாங்காமல், சும்மா. காவிரிக்கு இப்படி அகலமான வளைவுகளால் பாலம் போட முடியும் என்று நிரூபிக்க! மேலே ஏறிக் குதித்தால் வளைவு அதிருமாம். பாலம் வரவில்லை. வளைவு மட்டும் 1937இல் விழும்வரை நூற்றுச் சொச்சம் வருஷம் நின்றது. அப்பேர்ப்பட்டவர் கையில் ஐம்பதடிக் குவிமாடம் கிடைத்தால் சும்மா இருப்பாரா.

அவர் மரத்தைக் கூரைக்குப் பயன்படுத்தாததற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்துச் சென்னை வீடுகளில் தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குக் கட்டை, அதன் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்டு ‘மெட்ராஸ் டெரஸ்’ போடுவார்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். நல்ல முறைதான். ஆனால் உத்திரத்துக்குள் கரையான் புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் தட்டிப் பார்த்தால் டொங்கென்று கேட்கும், உள்ளே மாவு. ஐம்பதடி இடைவெளிக்கு அப்படி ஒரு கட்டையும் கிடையாது, கிடைத்தாலும் கரையானுக்கு விருந்து. செங்கல்லைக் கரையான் தின்னாது.

பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசுவது நம் ஊர்க் கொத்தனார்கள் கைவந்த வித்தை. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருகூடச் சேர்ப்பார்கள். கூழாங்கல்லால் தேய்க்கத் தேய்க்கப் பளிங்கு மாதிரி மின்னும். அந்தக் காலத்தில் மதராசுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஊரெல்லாம் சலவைக்கல் தூண்களா என்று ஏமாந்து எழுதிவைத்திருக்கிறார்கள். கிர்க்கின் தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக இருப்பதுதான் அசல் சலவைக்கல்.

எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டால், யாரும் பார்க்க முடியாத பகுதியைத்தான் சொல்வேன். அடித்தளம்.

எழும்பூர் அந்தப் பக்கம் கூவத்துக்குச் சமீபம். கொஞ்சம் தோண்டினால் களிமண், சேறு, தண்ணீர். வேளச்சேரியில் என் வீட்டுக் காம்பவுண்டு சுவர் ஏரிமண்ணில் நின்றுகொண்டு வருஷா வருஷம் விரிசல் விடுகிறது, அது ஐந்தடிச் சுவர். நூற்று அறுபத்தாறரை அடிக் கோபுரத்தையும் செங்கல் குவிமாடத்தையும் இப்படிப்பட்ட மண்மேல் அப்படியே வைத்தால் என்ன ஆகும்? கோபுரம் கனம், கூடம் அதைவிடக் கனம் குறைவு. கனமான பக்கம் அதிகமாக இறங்கும், இரண்டும் சேரும் இடத்தில் பிளந்துகொள்ளும்.

டி ஹாவிலாண்ட் கிணறு தோண்டினார். ஒன்றிரண்டல்ல, ஏறக்குறைய 150 கிணறுகள். ஆழம் 14 அடியிலிருந்து 50 அடிவரை. கெட்டியான மண் எங்கே தட்டுப்படுகிறதோ அதுவரை ஒவ்வொன்றும் போகும், அதனால்தான் ஆழத்தில் இத்தனை வித்தியாசம். அந்தக் கிணறுகளின் தலைமேல்தான் சர்ச் உட்கார்ந்திருக்கிறது.

கிணற்று அடித்தளம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய, உறை இறக்குவதைப் பார்த்திருந்தால் போதும். எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு உறை இறக்கியபோது நான் பள்ளிக்கூடம் போகாமல் நாள் முழுக்க வேடிக்கை பார்த்தேன். முதல் உறையைத் தரையில் வைப்பார்கள். ஒருவர் அதற்குள் இறங்கி உறையின் விளிம்புக்குக் கீழே இருக்கும் மண்ணைச் சுற்றிச் சுற்றிப் பறிப்பார். மேலே இருக்கிறவர் கூடையில் இழுத்துக் கொட்டுவார். அடிமண் போகப் போக உறை தன் கனத்தால் தானே இறங்கும். தரைமட்டத்துக்கு வந்ததும் அதன் தலையில் அடுத்த உறை. இறங்க மறுத்தால் மேலே மணல் மூட்டை அடுக்கிக் கனம் கூட்டுவார்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் உசந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து அடிமண்ணைப் பறித்து நேராக்குவார்கள். எங்கள் கிணற்றில் நாலாவது உறை சாய்ந்துவிட்டது. அதை நிமிர்த்த அந்தப் பெரியவர் பட்ட பாடும், அதற்காக அப்பாவிடம் அவர் கூடுதலாக வாங்கிய கூலியும் வீட்டில் வெகுநாள் பேச்சு.

கிணற்றில் தண்ணீர் வந்ததும் நிறுத்திவிடுவோம். அடித்தளக் கிணறு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். தண்ணீரை இறைத்து இறைத்துக் கீழே போக வேண்டும். கெட்டி மண் கிடைத்ததும் பொதுவாக மணலோ செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்ததோ போட்டு நிரப்பிவிடுவார்கள். இப்போது அது பூமிக்குள் புதைந்த ஒரு தடித்த தூண். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளின் வாயை வளைவாலோ கல்லாலோ இணைத்து அதன் மேல் சுவர் எழுப்பினால், கட்டடத்தின் கனம் சேற்றைத் தொடாமல் நேராகக் கெட்டி மண்ணுக்குப் போய்விடும். இன்றைக்கு அடுக்குமாடி கட்டுகிறவர்கள் ‘பைல்’ அடிக்கிறார்களே, அதன் தாத்தா முறை.

இது லண்டனிலிருந்து கப்பலில் வந்த யோசனை இல்லை. சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிணறு இறக்குவது இங்கே 2,000 வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். கீழடியில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பட்டினப்பாலையில் உறைக்கிணறு என்ற சொல்லே வருகிறது. கிணற்றின் மேல் கட்டடம் நிறுத்துவதும் இந்தியாவில் முன்பே தெரிந்ததுதான், யமுனைக் கரையில் தாஜ்மகால் அப்படித்தான் நிற்கிறது. கிர்க் கட்டிய கதையில் மேஜர் பெயர் இருக்கிறது. ஐம்பதடிக் கிணற்றுக்குள் கழுத்தளவு சேற்றில் நின்று மண் பறித்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சர்ச்சுக்குள் சுவரெங்கும் நினைவுப் பலகைகள் இருக்கின்றன என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

எல்லாப் புராட்டஸ்டண்ட் சர்ச்சும் இப்படி வட்டமாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கிர்க் ஒரு விதிவிலக்கு. சென்னையிலேயே இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் தேவை மாறினால் கட்டடம் எப்படி மாறுகிறது என்று பிடிபடும்.

கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயம் 1678இல் தொடங்கி 1680இல் பிரதிஷ்டையானது. கம்பெனி பணம் தரவில்லை, ஊழியர்கள் தங்களுக்குள் 805 வராகன் வசூல் செய்து கட்டினார்கள். அவர்களுடைய பயம் வேறு: பீரங்கிக் குண்டு. அதனால் சுவர் நாலடித் தடிமன், கூரை குண்டு துளைக்காத இரண்டடித் தடிமன் செங்கல் வளைவு, அதுவும் நீளவாட்டில் மூன்று வளைவுகள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகை போட்டபோது அந்தக் கூரை உபயோகப்பட்டது. ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்ததும் இங்கேதான், 1753இல். உள்ளே நின்றால் சர்ச் என்பதைவிட ஒரு பலமான கிட்டங்கி என்றே எனக்குத் தோன்றும், குறையாகச் சொல்லவில்லை.

மற்றது கதீட்ரல் சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூய ஜார்ஜ் பேராலயம். 1815இல் கட்டி முடித்தார்கள். கர்னல் கால்டுவெல் போட்ட திட்டம், வேலையில் கூட இருந்தவர் நம் டி ஹாவிலாண்ட். முகப்பு அதே கிப்ஸ் முகம், கோபுரம் 139 அடி. உள்ளே நீளமான கூடம், இரண்டு வரிசைத் தூண்கள், கண் நேராகக் கிழக்குக் கோடிக்கு ஓடும். ஆங்கிலிகன் சபைக்கு, அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக்கு, பேராயர் உண்டு, ஊர்வலம் உண்டு, சடங்கு உண்டு. அதற்கு நீளம் வேண்டும். ஐந்தாறு வருஷ இடைவெளியில் அதே எஞ்சினியர் ஒரு சபைக்கு நீளத்தையும் இன்னொரு சபைக்கு வட்டத்தையும் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி அந்தப் பேராலயத்தில்தான் ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுச் சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது அதைத்தான். மூன்று சர்ச்சுகளும் இப்போது அந்தத் திருச்சபைக்குள்தான் இருக்கின்றன. கோபுரச் சண்டை போட்டவர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

கிர்க்கின் போதகர்கள் 1835இல் ஆரம்பித்த ஒரு சின்னப் பள்ளிக்கூடம், 1837இல் ஜான் ஆண்டர்சன் வந்து எடுத்து நடத்தி, பிற்பாடு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து தாம்பரத்துக்குப் போனது தனிக் கதை.

பொங்கலுக்கு மறுநாள் பையனை உள்ளே கூட்டிப்போனேன். வாசலில் நின்று, “செருப்பைக் கழற்றணுமா மாமா?” என்றான். தேவையில்லை, தொப்பியைக் கழற்றினால் போதும் என்றேன். பிரம்பு பின்னிய பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தோம். வேர்வை கசியும் ஊரில் முதுகுக்குக் காற்று வர அதைவிட நல்ல வழி இல்லை. வயதான அம்மா ஒருவர் முன்வரிசையில் தலையில் முக்காடிட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார், அதனால் கைதட்டி எதிரொலி பார்க்க வேண்டும் என்ற பையனின் ஆசை நிறைவேறவில்லை. நீல வானத்தைப் பார்த்தான், தூண்களை எண்ணினான், சரியாகப் பதினாறு வந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கீழே அந்தக் கிணத்துல இன்னும் தண்ணி இருக்குமா?” என்று கேட்டான்.

“நிரப்பியிருப்பாங்கடா.”

“அப்போ சுத்தி இருக்கிற மண்ணுல?”

அதில் இருக்கும், எழும்பூரில் எங்கே தோண்டினாலும் இருக்கும் என்றேன். சலவைக்கல் தரையில் ஷூவை மெதுவாக ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நாங்கள் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.